யானைக்குப் பெயர் உண்டு, பாகனுக்கு?

காஞ்சிக்குப் பக்கத்தில் கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, பரமேசுவரவர்மனுடைய யானையின் பெயரைச் சொல்கிறது: அரிவாரணம். குதிரையின் பெயர் அதிசயம். பாகன் பெயர்? இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய வழக்கம் என்று விட்டுவிடலாமா, தோழர்களே?

நம் மலையின் பெயர் தாங்கிய நீலகிரிப் போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். விடுதலை பெற்ற இந்தியா தன் மண்ணிலேயே கட்டிய முதல் பெரும் போர்க்கப்பல். வரைபடம் பிரிட்டனுடையது, இரும்பை வளைத்தவை பம்பாய் மசகான் தளத்துத் தொழிலாளரின் கைகள். 1968 அக்டோபர் 23 அன்று அதை நீரில் இறக்கியவர் இந்திரா காந்தி; அது ஏட்டில் உண்டு. 1972 ஜூன் 3 அன்று கடற்படையில் சேர்ந்தது. 1996இல் ஓய்வு. மறு ஆண்டே ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காக்கி நம் படையே அதைக் கடலில் மூழ்கடித்தது. உழைத்த கப்பலுக்கும் அந்தக் கதிதான்!

அதே தளத்தில் உருவான புதிய நீலகிரி 2025 ஜனவரி 15 அன்று படையில் சேர்ந்தது. பிரதமர் வந்தார், பேசினார். பெருமைதான், மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒரு தகடு. வெல்டிங் வைத்தவர், கம்பி இழுத்தவர், பெயிண்ட் அடித்தவர், ஒப்பந்தக் கூலியே ஆனாலும் சரி, அத்தனை பேர் பெயரும் அந்தக் கப்பலில் பொறிக்கப்பட வேண்டும். இடம் போதாது என்பார்களோ? 149 மீட்டர் நீளக் கப்பல் அது!