அறிவியல் அரங்கம்: விண்ணுக்கு ஒரு நூலேணி

ஒரு கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பதை முடிவு செய்வது கட்டுவோரின் துணிவு மட்டுமன்று. கட்டுமானப் பொருளின் வலிமையுமாகும். 2010-இல் திறக்கப்பெற்ற துபாயின் புர்ஜ் கலீஃபா, கான்கிரீட்டையும் எஃகையும் நம்பி 828 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 36,000 கிலோமீட்டர் உயர வேண்டுமாயின் எதை நம்புவது?

இவ்வினாவுக்குக் கற்பனையில் விடை தந்தவர், இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1979-இல் வெளிவந்த அவருடைய நாவலின் பெயர், ‘சுவனத்தின் நீரூற்றுகள்’ எனப் பொருள்படும். 22-ஆம் நூற்றாண்டில் நிகழும் அக்கதையில், மார்கன் என்னும் பொறியாளர் பூமியிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி அமைக்க முனைகிறார்.

அதற்கு அவர் தேர்ந்த மலை நமக்குப் புதிதன்று. ஆதம் நபியின் பாதம் பதிந்த இடமென மரபு கூறுவதும், 1344-இல் இப்னு பதூதா ஏறிக் கண்டதுமான பாவா ஆதம் மலையே கதையில் வேறு பெயரில் வருகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியோடு சேர்ந்து சுழல்வதால் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். அங்கிருந்துதான் வடத்தை இறக்க இயலும். ஆகவே கிளார்க், கதைக்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார்!

வடத்தை எஃகால் செய்ய முடியாதா? முடியாது. சில பத்துக் கிலோமீட்டர் தொங்கவிட்டாலே எஃகு வடம் தன் எடையைத் தானே தாங்காமல் அறுந்துவிடும். எனவே, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வைர இழையைக் கிளார்க் படைத்தார். வைரம் என்பது கரிமமே.

வியப்பு யாதெனில், 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா, கரிம நுண்குழாய்களைப் பற்றி உலகறிய எழுதினார். எஃகைவிடப் பன்மடங்கு வலிமை, எடையோ குறைவு. கற்பனை கைகூடியதா? இல்லை. 2013-இல் சீன அறிஞர்கள் வளர்த்த மிக நீண்ட நுண்குழாய் ஏறத்தாழ அரை மீட்டரே. ஓரிரு அணுக்கள் இடம் பிறழ்ந்தாலும் அதன் வலிமை வெகுவாகக் குன்றிவிடும். 36,000 கிலோமீட்டருக்குக் குறையற்ற இழை நூற்பது எளிதோ?

ஆயினும் நகைத்து ஒதுக்குவதற்கில்லை. நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாமென 1945-இல் இதே கிளார்க் எழுதினார். 1964-இல் அது மெய்யாயிற்று. 2008-இல் அவர் மறைந்தபோது அவருடைய நூலேணி ஏட்டளவிலேயே இருந்தது. எண்ணம் விண்ணை எட்டிவிட்டது. இழைதான் இன்னும் எட்டவில்லை.