எரிப்பதா, அள்ளுவதா?

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிவு ஏதுமில்லை என்பதே துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. ஆனால் ‘டான் காஞ்சிபுரம்’ கப்பலிலிருந்து வழிந்த உலை எண்ணெய், எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் அலைத்தடுப்புக் கற்களின் இடுக்குகளில் தார்க்குழம்பாக வந்து தேங்கிற்று. உறிஞ்சுவதற்குக் கொண்டுவந்த இயந்திரங்கள் அந்தக் கசட்டின் முன் திணறின. கல்லூரி மாணவரும் மீனவரும் கடலோரக் காவல்படையினரும் வரிசையில் நின்று, பிளாஸ்டிக் வாளிகளைக் கைமாற்றிக் கைமாற்றி அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அப்போதும் மீனவர் தம் படகில் அமர்ந்து குவளையால் மொண்டு பீப்பாயில் ஊற்றினர். ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் நாடு கண்ட முன்னேற்றம், வாளி குவளையானதுதான்.

இதைக் கண்ட பலர் கேட்ட கேள்வி ஒன்றுண்டு: எண்ணெய்தானே, கொளுத்திவிட்டிருக்கக் கூடாதா? கோவில்பட்டியும் கழுகுமலையும் சாத்தூரும் தீக்குச்சி செய்து பிழைக்கும் சீமை நம்முடையது. நெருப்பைக் குறித்த கேள்வி நமக்குப் புதிதன்று. எனினும் இதற்கான விடை அவ்வளவு எளிதாக இல்லை.

கடலில் எண்ணெயை எரிப்பது தீக்குச்சி கிழித்துப் போடும் வேலையன்று. தீயில் கருகாத மிதவைத் தடுப்பை இரு படகுகள் இருபுறமும் பற்றி, வளைத்து, மெல்ல இழுத்துச் செல்லும். பரந்து கிடக்கும் படலம் அந்த வளைவுக்குள் குவிந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் ஏறினால்தான் தீ பற்றும். எரிந்து எரிந்து படலம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்ததும், கீழிருக்கும் நீர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, தீ தானாக அவிந்துவிடும். எண்ணெயோடு கால்பங்குக்கு மேல் நீர் பிசைந்துவிட்டால் பற்றவைப்பதே அரிது. அலை உயர்ந்தாலும் காற்று மிகுந்தாலும் முயற்சி வீண். எல்லாம் கூடிவந்தால், வளைத்த எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு எரிந்தொழியும். கடலில் வேறெந்த முறையும் இவ்வளவு விரைவாக இவ்வளவு எண்ணெயை அகற்றுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உலகம் இதைப் பட்டுத்தான் கற்றது. 1967இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் தரைதட்டிய ‘டோரி கேன்யன்’ கப்பலை விமானத்திலிருந்து குண்டு வீசி எரிக்க முயன்றனர்; கரையை எண்ணெய் விட்டுவைக்கவில்லை. 1989இல் அலாஸ்காவில் ‘எக்சான் வால்டெஸ்’ உடைந்த மறுநாள் மாலை சோதனையாக எரித்தபோது ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் ஒரே மூச்சில் எரிந்தது. அடுத்து வந்த புயல் எண்ணெயையும் நீரையும் கடைந்து குழம்பாக்கியபின் அந்த வழி அடைபட்டது. 2010இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது 411 முறை தீயிட்டார்கள். அவ்வளவுக்கும் எரிந்தது கசிந்ததில் இருபதில் ஒரு பங்கே.

எண்ணூருக்கு இந்த முறை பொருந்தியிருக்காது என்பதே நம் துணிபு. கரையேறிக் கற்களில் ஒட்டிய கனத்த எண்ணெய் எளிதில் பற்றாது. பற்றினாலும் அதன் கரும்புகை குடியிருப்புகளுக்குள்தான் புகுந்திருக்கும். ஆகவே அன்று எரிக்காதது தவறன்று. எரிக்கலாமா கூடாதா என்று முன்கூட்டியே ஆராய்ந்து வைத்திருந்த ஒருவரும் களத்தில் தென்படாததே தவறு.

இனி நம் பக்கம் வருவோம். கோவில்பட்டிப் பக்கத்துக் கடம்பூர் ரயில் நிலையத்தில் நின்றால் கடல் தெரியாது. ஆயினும் தூத்துக்குடித் துறைமுகம் நமக்குத் தொலைவிலில்லை. அத்துறைமுகத்தை ஒட்டித் தொடங்கி இராமேசுவரம் வரை நீளும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. பவளப்பாறையும் கடற்புல்லும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் வாழும் ஆழங்குறைந்த நீர் அது. எரிந்த எண்ணெயின் எச்சம் தார்க்கட்டியாக இறுகி, சில வேளை அடியில் அமிழும். 1991இல் இத்தாலியின் ஜெனோவா அருகே எரிந்து மூழ்கிய ‘ஹேவன்’ கப்பலின் எச்சம் அவ்வாறே கடலடியில் படிந்தது. பவளத்தின்மேல் அது படிந்தால் அள்ள வாளியும் உதவாது.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனி ஆடியில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று புகையைக் கடலுக்குள் தள்ளிவிடும். ஆனால் அந்த வேகத்தில் மிதவைத் தடுப்புக்குள் எண்ணெய் நிற்பதே கடினம். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று புகையை வேம்பாற்றுக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவந்து சேர்க்கும். எரிப்பதற்கு ஏற்ற நாள்கள் ஆண்டில் சிலவே. அவை எவை என்பதைக் காற்றாலைக்காரர் கையிலுள்ள கணக்கே ஓரளவு சொல்லிவிடும்.

நிலத்திலும் இதே வினா எழும். கோவில்பட்டி வழியே நெடுஞ்சாலையில் எண்ணெய் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பங்குனியில் கரிசல் கையை நுழைக்கும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். லாரி கவிழ்ந்து எண்ணெய் அந்த வெடிப்புகளில் இறங்கினால், மேலே மூட்டும் தீ உள்ளே போனதைத் தொடாது. மண் நனைந்து நீர் தேங்கி நிற்கும் மழைக்காலத்தில் நிலைமை வேறு; சதுப்பு நிலங்களில் நீர்ப்படலம் வேரைக் காக்க, மேலே எரித்து மீட்ட அனுபவம் பிற நாடுகளில் உண்டு. பருத்தியும் உளுந்தும் விளையும் நிலத்தில் இந்த வேறுபாட்டை அறியாமல் தீ வைப்பவன் கிணற்றையும் சேர்த்தே கெடுப்பான்.

எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டப்படி கடலில் கடலோரக் காவல்படையும், துறைமுக எல்லைக்குள் துறைமுகமும், கரையில் மாநில அரசும் பொறுப்பு. பொறுப்பு மூவரிடம் இருக்க, முடிவெடுக்கக் கிடைப்பதோ சில மணி நேரம். தூத்துக்குடி மாவட்ட நிர்வாகம் வாடை தொடங்குமுன் ஒரு வரைபடத்தை மக்கள்முன் வைக்க வேண்டும். எங்கே எரிக்கலாம், எங்கே ஒருபோதும் கூடாது, ஆணையிடுபவர் யார், தீத்தாங்கும் மிதவை எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்பவை அதில் இருக்கட்டும். அள்ளத்தான் வேண்டுமென்றால், அள்ளும் மீனவருக்குக் கையுறையும் முகக்கவசமும் நாட்கூலியும் முன்பே ஒதுக்கி வைக்கப்படட்டும்.