கால் ஆணியா, மருவா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷூவோடு நாள் முழுக்க நிற்பவர்களுக்குப் பாதத்தில் தடிப்பு வந்தால், 'கால் ஆணி' என்று பலரும் பிளேடால் சீவிவிடுகிறார்கள். அது மருவாகவும் இருக்கலாம். பக்கவாட்டில் அழுத்திக் கிள்ளினால் வலிக்கிறதா? நடுவில் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா? அவை உறைந்த ரத்தப் புள்ளிகள், மருவின் அடையாளம்.

மருவுக்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். சீவினால் பக்கத்திலும் பரவும். ஹாஸ்டலின் ஈரமான பாத்ரூம் தரை வழியாக அடுத்தவருக்கும் தொற்றும். செருப்பு, துண்டு தனித்தனியாக இருக்கட்டும்.

பெரும்பாலான மருக்கள் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். வலித்தால் சாலிசிலிக் அமில மருந்தை 12 வாரம் வரை தினமும் தடவலாம்; மருவை உறையவைத்து உதிர்க்கும் சிகிச்சையும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் காட்டாமல் பாதத்தில் எதையும் தடவக் கூடாது. ஆறாத புண்ணாகிவிடும்.