10 மாச அட்வான்ஸ் கேட்டா வாடகைக்காரங்க எங்க போவாங்க?

கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல வீட்டுக்கு ₹3.5 லட்சம். நல்லது, குறை சொல்லல. ஆனா அது கிராமத்துல சொந்த இடம் இருக்கிற குடிசைவாசிகளுக்கு. சென்னையில வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு?

2019-ல நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் 3 மாச வாடகைதான்னு சொல்லுது. கூடவே, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலாம்னு ஒரு ஓட்டை! வேளச்சேரியில கேட்டுப் பாருங்க, பல ஓனர்கள் 10 மாசம்தான் கேப்பாங்க. ₹15,000 வாடகைன்னா ₹45,000 போதும், கேக்குறது ₹1.5 லட்சம். முதல் சம்பளமே வாங்காத பசங்க வட்டிக்குத்தான் ஓடணும். (காலி பண்ணும்போது பெயிண்டுக்குன்னு பிடிக்கிறது தனிக்கதை.)

2021 மாதிரி வாடகைச் சட்டத்துல வீட்டுக்கு அதிகபட்சம் 2 மாசம். அதே மாதிரி இங்கேயும் உச்சவரம்பு வைங்க, அந்த ஓட்டையை அடைங்க. பட்ஜெட்ல ஒத்த ரூபாய்கூட ஒதுக்க வேண்டாம்!

#அட்வான்ஸுக்கு_உச்சவரம்பு_வேணும்