அறுபடாமல் நகரும் பாறை

நிலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். நிலத்தின் அடியிலிருக்கும் பாறையைப் பற்றி எழுதப்பட்டவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஐந்திணை பேசும் நம் இலக்கியவாதிகளில் பெரும்பாலோர், குறிஞ்சியின் மலை ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொள்வதில்லை. பாறை என்றால் அசையாதது, மாறாதது, உணர்ச்சியற்றது. 'கல்நெஞ்சு' என்று ஒருவரை வைதுவிட்டால் கல்லுடனான நம் உறவு முடிந்துவிடுகிறது. இந்தப் படிமம் பிழையானது என்பதோடு, அப்பிழைக்கு நம் கலைச்சொற்களும் துணைபோகின்றன என்பதே எங்கள் வாதம்.

சென்ற கோடையில் நண்பர்கள் சிலர் பவானி ஆற்றங்கரையில் நின்றோம். நீர் வற்றிய படுகையில் கருமையும் வெண்மையுமாக மெல்லிய வரிகள் ஓடிய பாறை ஒன்று கிடந்தது. வரிகளுக்கிடையே ஆங்காங்கே ஒரு வெளிறிய கண். கண்ணின் இரு முனைகளிலும் எதிரெதிர்ப் பக்கமாக இழுபட்ட வால். அந்தக் கண் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம். ஜெர்மானியர் இதற்கு வைத்த பெயருக்கும் 'கண்கள்' என்றே பொருள். வால்கள் எப்பக்கம் இழுபட்டுள்ளன என்பதைக் கொண்டு, பாறையின் எந்தப் பக்கம் எத்திசையில் நகர்ந்தது என்று நிலவியலாளர் படித்துவிடுகிறார். நாங்கள் நின்ற இடம், ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை பாறையை உரசி நகர்ந்த பட்டை. ஆங்கிலத்தில் அதனை 'ஷியர் ஸோன்' என்கிறார்கள்.

இது நிகழும் விதம் வியப்புக்குரியது. கண்ட மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் சராசரியாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் ஏறுகிறது. மேலே உள்ள பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பாறை குளிர்ந்தும் நொறுங்கும் தன்மையோடும் இருப்பதால், விசை மிகும்போது உடைகிறது. அதுவே பிளவுப் பெயர்ச்சி, நிலநடுக்கத்தின் வீடு. அதற்குக் கீழே கதை வேறு. ஏறத்தாழ 300 பாகையில் குவார்ட்ஸ் இளகத் தொடங்குகிறது. ஃபெல்ட்ஸ்பாருக்கு 450 பாகைக்கு மேல் வேண்டும். இளகுதல் என்றால் உருகுதல் அன்று. பாறை திடமாகவே இருந்துகொண்டு, திடமாகவே ஓடுகிறது.

திடப்பொருள் எப்படி ஓடும்? பவானிக்குப் பெயர் தேடித்தந்த ஜமுக்காளத்தையே எடுத்துக்கொள்வோம். கல்யாணக் கூடத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை முழுதாக இழுக்க நான்கு பேர் வேண்டும். ஒரு முனையில் ஒரு மடிப்பை எழுப்பி, அம்மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டுபோக ஒருவர் போதும். ஜமுக்காளமும் ஒரு சாண் நகர்ந்திருக்கும். படிகத்துக்குள் அணுக்களின் வரிசையில் உள்ள குறைகள் இம்மடிப்பைப் போலவே நகர்கின்றன. கோடிக்கணக்கான குறைகள் இலட்சக்கணக்கான ஆண்டுகள் நகரும்போது மலையின் வேர் நகர்கிறது. குறையற்ற படிகத்தை இவ்வளவு எளிதில் வளைக்க முடியாது என்பதை இங்கே ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

நகர்வு மிகமிகப் பழைய பெரும்படிகங்கள் சிதைந்து, அவற்றின் இடத்தில் நுண்மணிகள் புதிதாகப் பிறக்கின்றன. மணி சிறுத்தால் பாறை மேலும் எளிதாக நெகிழ்கிறது. இடுக்குகளில் நீர் ஏறினால் இன்னும் நெகிழ்கிறது. ஆக, நெகிழ்ந்த இடமே மேலும் மேலும் நெகிழ, அக்கம்பக்கத்துப் பாறை அலுங்காமல் தப்பிக்கிறது. பட்டையின் அகலம் சில மில்லிமீட்டராகவும் இருக்கலாம். பல கிலோமீட்டராகவும் இருக்கலாம். ஓரத்தில் நகர்வுக்குச் சாய்வாக நிற்கும் வரிகள், நடுவை நெருங்க நெருங்க வளைந்து நகர்வுத் திசைக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. இந்த வளைவை அளந்து இருபக்கமும் எவ்வளவு தொலைவு விலகின என்று கணக்கிடும் வழியை ராம்சேயும் கிரஹாமும் 1970இல் எழுதிக் காட்டினர். ஒரு வரியின் வளைவிலிருந்து ஒரு மலைத்தொடரின் பயணத்தை வாசிப்பதும் இலக்கிய வாசிப்புக்கு நெருங்கிய செயல்தானே?

இனிச் சொல்லுக்கு வருவோம். 1885இல் ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில் இத்தகைய பாறையைக் கண்ட சார்லஸ் லாப்வொர்த், அதற்கு 'மைலோனைட்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'திரிகை' என்ற பொருள்தரும் சொல்லிலிருந்து வந்தது அது. மலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சென்றபோது இடையில் அகப்பட்ட பாறை மாவாக அரைபட்டது என்று அவர் கருதினார். பிற்காலத்து நுண்ணோக்கிகள் வேறொன்றைக் காட்டின. அந்நுண்மணிகள் பெரும்பாலும் அரைபட்ட தூள் அல்ல. வெப்பத்திலும் அழுத்தத்திலும் புதிதாக முளைத்த படிகங்கள். பெயர் பிழை, பாறை பிழையன்று. உலகம் அப்பெயரை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் திருத்திக்கொண்டது.

நம் கலைச்சொல்லாக்கத்தின் வழக்கமோ மூலச்சொல்லின் வேரை மொழிபெயர்ப்பது. அவ்வழியில் 'அரைபாறை' என்று ஆக்கினால், லாப்வொர்த்தின் பிழையை நூற்றாண்டு கடந்து தமிழில் மறுபடி பெற்றெடுப்போம். 'ஷியர்' என்பதற்கு நம் பள்ளிப் பாடநூல்கள் 'சறுக்குப் பெயர்ச்சி' என்கின்றன. பொறியியலில் 'வெட்டு விசை' என்பதும் உண்டு. ஆழத்துப் பட்டையில் வெட்டும் இல்லை, சறுக்கும் தளமும் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பாறை அறுபடாமல் தொடர்கிறது. அதுவே அதன் சாரம். சாரத்தைக் கொன்றுவிட்ட சொல்லை மாணவர் மனப்பாடம் செய்வார்; அதைக்கொண்டு சிந்திக்க மாட்டார்.

எங்கள் பரிந்துரை 'இழைவுப் பட்டை'. சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். நூலை இழை என்கிறோம். இரு குரல்கள் ஒன்றோடொன்று இழைகின்றன. உரசல், வரி, அறுபடாத் தொடர்ச்சி ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. இதிலும் தேய்மானத்தின் சாயல் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆயினும் வெட்டைவிட இது உண்மைக்கு அருகில் நிற்கிறது. மைலோனைட்டை அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு பிழையின் நினைவுச்சின்னத்தை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல சொல் உள்ளவர் முன்வந்தால் எங்களுடையதை மகிழ்ச்சியோடு கைவிடுவோம்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. மோயாறு, பவானி, பாலக்காடு, காவிரி என்று நாம் ஆறுகளாகவும் ஊர்களாகவும் மட்டுமே அறிந்த பெயர்கள், உலக நிலவியல் ஏடுகளில் இழைவுப் பட்டைகளின் பெயர்கள். தெற்கே அச்சன்கோவில் பட்டை கேரளத்திலிருந்து தென்தமிழகம்வரை குறுக்கே ஓடுகிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது மூடிய கடலின் தழும்பே பாலக்காடு காவிரிப் பட்டை என்பார் ஒருசாரார், மறுப்பாரும் உளர். இவற்றின் மறுபாதியை மடகாஸ்கரில் தேடுகிறார்கள். 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோவைப் பகுதி ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் நடுங்கியது. பழைய தழும்புகள் பிற்கால விசைகளுக்கும் வழிவிடக்கூடும் என்பதால் இந்த அறிவு ஊருக்குத் தேவையானதும்கூட.

பட்டை ஓடும் இந்த மாவட்டங்களிலேயே கல்குவாரிகளும் இயங்குகின்றன. கல் எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நம் வீடுகளும் கல்லால் ஆனவைதான். பெயரில்லாதது போனால் எவரும் வருந்துவதில்லை என்பதையே சொல்கிறோம். கல்வெட்டு உடைந்தால் பதறுகிற நாம், எழுத்தில்லாத கல்லின் எழுத்து ஜல்லியாவதை அறியாமலே இருக்கிறோம். படிக்கத் தெரியாத ஏட்டைக் காக்கும் எண்ணம் யாருக்கு வரும்?

எனவே தமிழ்ச் சிற்றிதழ்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாறைக்கு நான்கு பக்கம் ஒதுக்கட்டும். நிலவியல் கற்றவர்கள் ஆங்கில ஏடுகளுக்கு எழுதியது போக, மிச்சப் பொழுதில் நமக்கும் எழுதட்டும். 'கல்நெஞ்சு' என்று எழுதப்போகும் கவிஞர், அதற்குமுன் ஒருமுறை பவானிக் கரைக்குப் போய்வரட்டும். உடைந்துபோகாமல் அவ்வளவு தூரம் நெகிழ்ந்து நகர்ந்த ஒன்று அங்கே கிடக்கிறது.