வியாபாரி சங்கத்துக்குத் திறக்கும் கதவு விவசாயிக்கு மட்டும் ஏன் மூடிக் கிடக்கிறது?



நம்ம ஊர் மளிகைக் கடைக்காரர் நமக்கு எதிரி இல்லை. கடனுக்குச் சாமான் கொடுக்கிறவர், அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கிறவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் அவருக்கு ஒரு சட்டத்தால் சங்கடம் வந்தால் என்ன நடக்கிறது, நமக்கு வந்தால் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலானது. சின்னப் பெட்டிக்கடை முதல் பெரிய மொத்தக்கடை வரைக்கும் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்யணும், உரிமம் எடுக்கணும் என்றார்கள். வணிகர் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. மனு கொடுத்தார்கள், மாநாடு போட்டார்கள், கடையடைப்பு நடத்தினார்கள், மந்திரியைப் பார்த்தார்கள். கெடு தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. அப்படியே தள்ளித் தள்ளி 2016 மே மாதம் வரை வந்தது! ஒரு வருடக் கெடு ஐந்து வருடத்தைத் தொட்டது.

நமக்கு? சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்ட நவம்பர் 15 கடைசி நாள் என்பார்கள். அடங்கல் வாங்க வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும்போதே தேதி முடிந்துபோகும். ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அவர்களுக்கு எப்படி முடிகிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. கடைவீதிக்கு ஒரு சங்கம், சந்தா, ரசீது. அதெல்லாம் சேர்ந்து மாவட்டச் சங்கம், அதற்கு மேலே மாநிலப் பேரமைப்பு. வருடா வருடம் மே 5 வணிகர் தினம், கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறார்கள். அரசாங்கம் ஒரு விதி போடப் போகிறது என்று காற்றுவாக்கில் சேதி வந்தாலே அதைப் படித்துச் சொல்ல ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். நமக்கோ விதி வந்து, வயலில் விலை விழுந்த பிறகுதான் சேதியே வருகிறது.

இப்போது பருப்புக் கதைக்கு வருவோம். நம்ம வயிற்றில் அடித்த கதை இதுதான்.

2021 மே 15. துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துவிட்டது. அக்டோபர் வரைக்கும்தான் என்றார்கள். பிறகு துவரைக்கும் உளுந்துக்கும் வருஷா வருஷம் நீட்டித்தார்கள். நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து தெளிக்கிற டெல்டா விவசாயியை யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா? மானாவாரியில் துவரை போடுகிறவரைக் கேட்டார்களா?

அதே வருடம் ஜூலை 2-ம் தேதி இன்னொரு உத்தரவு. பருப்பைப் பதுக்கக் கூடாது, மொத்த வியாபாரி 200 டன்னுக்கு மேல் வைக்கக் கூடாது, அதிலும் ஒரே ரகம் 100 டன்னுக்கு மேல் கூடாது, சில்லறைக் கடை 5 டன், இறக்குமதியாளருக்கும் மொத்த வியாபாரி கணக்குதான் என்றார்கள். உடனே நாடு முழுக்க வியாபாரிகள் எதிர்ப்பு. ஜூலை 19-ம் தேதி உத்தரவு மாறியது. சரியாகப் பதினேழு நாள்! மொத்த வியாபாரிக்கு 500 டன், ஒரே ரகம் 200 டன். ஆலைக்காரருக்கு மூன்று மாத உற்பத்தி அளவு ஆறு மாதமானது. இறக்குமதியாளருக்கு? உச்சவரம்பே கிடையாது, இருப்பைக் கணக்குக் காட்டினால் போதும்!

வரம்பு தளர்ந்தால் களத்துமேட்டுக்கு வாங்க ஆள் வருவான், அதில் நமக்கும் நன்மை உண்டு. மறுக்கவில்லை. ஆனால் கப்பலில் வந்த பருப்புக்கு வரம்பே இல்லை, உள்ளூர்ப் பருப்பை வாங்குகிறவனுக்கு மட்டும் வரம்பு என்றால் விலை யார் தலையில் இறங்கும்?

சில்லறைக் கடைக்காரர்களே, நீங்களும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் 5 டன் 5 டன்னாகவே இருந்தது! கூட்டத்தைக் கூட்டுவது நீங்கள், கடையை அடைப்பது நீங்கள். சலுகை போய்ச் சேர்ந்த இடம் வேறே.

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பு. சோற்றுக்கு வரி போடுவதை நாமும் எதிர்க்கிறோம். வரி போகவில்லை. ஆனால் 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது! வழி கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரிகிறது. டீசலுக்கும் பூச்சிமருந்துக்கும் வரி கட்டுகிற நாம் எந்தச் சிப்பத்தில் ஒரு கிலோ கூட்டுவது?

கடைசியாக செஸ் விவகாரம். 1987-ம் வருடச் சட்டப்படி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு 1 சதவீதம் சந்தைக் கட்டணம். அதைக் கட்ட வேண்டியவர் வாங்குகிற வியாபாரி. அதை ரத்து செய்யச் சொல்லி வணிகர் சங்கங்கள் பல வருடமாகக் கேட்கின்றன. நாம் கேட்கிறோம்: அந்தக் காசு நின்றால் உலர்களம் யார் போடுவது? எடைமேடையை யார் பார்ப்பது? பொருளீட்டுக் கடனுக்கு மூட்டையை எந்தக் குடோனில் அடுக்குவது? கூரை ஒழுகுகிறது, செஸ் காசு எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று அவர்கள் கேட்டால் அந்தக் கேள்வி சரி, அதை நாமும் சேர்ந்தே கேட்போம். கட்டணத்தையே எடுத்துவிடு என்பதற்குச் சம்மதிக்க மாட்டோம்.

2011-லும் 2012-லும் சில்லறை வர்த்தகத்தில் அன்னிய முதலீடு என்றபோது, விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அரசு சொன்னது. விவசாயி அழிந்துபோவான் என்று வணிகர்கள் சொன்னார்கள். இரண்டு பேர் வாயிலும் நம்ம பேர்! நாம் எங்கே இருந்தோம்? நம்ம பேரை நாமே சொல்லிக்கொள்ள வேண்டாமா?

அதனால் நாம் கேட்பது இதுதான். இருப்பு வரம்பு, இறக்குமதி, சந்தைக் கட்டணம் இவை பற்றி வணிகர் சங்கத்தை அழைத்துப் பேசுகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் சிறு விவசாயிகளின் பிரதிநிதியை அழைக்க வேண்டும். அறுவடை மாதங்களில் பருப்பு இறக்குமதியை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கூடத்திலும் வசூலான செஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும்.

கலெக்டர் ஆபீசில் இந்த மாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது கிளம்பி வாங்க. உளுந்தோ நெல்லோ விற்ற சீட்டு வீட்டில் இருந்தால் மறக்காமல் எடுத்து வாங்க. எடை, விலை, கழிவு மூன்றும் அதில் இருக்கும், அதை மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.