பேஸுக்கு ஒரு கடிவாளம்

வீட்டில் சினிமா பார்க்க சப்வூஃபர் வாங்கும் குடும்பம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: வெடி வெடித்தால் ஜன்னல் கம்பி அதிர வேண்டும். சில மாதம் அதிரும். பிறகு ஒரு நாள் பெட்டிக்குள்ளிருந்து கர்ரென்று ஒரு சத்தம், அதன் பின் மௌனம். சென்னைவாசி என்றால் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய்விடலாம். அந்தமானின் அபர்டீன் பஜாரில் இருப்பவருக்கும் ரிச்சி தெருவுக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கும் அதிகமான கடல்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் பிரதான கடைவீதி இது. மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைகளில் தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் சரக்கு வர வேண்டியது கடல் தாண்டி. சென்னையிலிருந்து கப்பல் பயணம் ஏறத்தாழ மூன்று நாள். 2020 ஆகஸ்டில் சென்னை - அந்தமான் கடலடிக் கேபிள் செயல்படத் தொடங்கிய பிறகு படங்கள் நொடியில் வந்து இறங்குகின்றன. கனமான சப்வூஃபர் பெட்டிக்கு இன்னும் கப்பல்தான் கதி. ஆகவே, இருக்கும் ஸ்பீக்கரைக் காப்பாற்றிக்கொள்வது இங்கே பொழுதுபோக்கு சமாச்சாரம் அல்ல, பண விஷயம்.

காப்பாற்றக்கூடிய பொருளின் விலை அற்பம். அதன் பெயர் ஹைபாஸ் ஃபில்டர். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே உள்ள ஒலியை அனுமதித்து, கீழே உள்ளதைத் தடுப்பது அதன் வேலை. பேஸுக்காகவே வாங்கிய சப்வூஃபரில் பேஸைத் தடுப்பானேன் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதனாலேயே பலர் இதைச் சீண்டுவதில்லை. கடையில் ‘சப்வூஃபர் ஃபில்டர் போர்டு’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் லோபாஸ் ஃபில்டர். வசனம், வயலின் போன்ற மேல் ஒலிகளை நீக்கி பேஸை மட்டும் அனுப்புவது அது. வேலையில் அது பாதி மட்டுமே.

மீதிப் பாதி ஏன் தேவை? ஒலி அளவு குறையாமல் அதிர்வெண்ணைப் பாதியாக்கினால், கோன் முன்னும் பின்னும் நகரும் தூரம் நான்கு மடங்காக வேண்டும் என்பது இயற்பியல். 40 ஹெர்ட்ஸில் 5 மில்லிமீட்டர் நகரும் கோன் 20 ஹெர்ட்ஸில் 20 மில்லிமீட்டர் நகர வேண்டும். அவ்வளவு தூரம் போகும் ஸ்பீக்கர்கள் குறைவு.

குழாய் வைத்த பெட்டியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இத்தகைய பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கில் கொண்டுவந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த இருவர்: 1961இல் நெவில் தீல், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால். பெட்டியின் ட்யூனிங் அதிர்வெண்ணில் குழாயே பெரும்பாலான ஒலியைத் தருகிறது. கோன் அதிகம் அசைவதில்லை. அதற்குக் கீழே போனால் பெட்டிக் காற்றின் பிடி விட்டுப்போகிறது. கோன் கட்டவிழ்ந்த கன்றுபோல் துள்ளுகிறது; ஒலியோ வருவதில்லை. ஆம்ப்ளிஃபயரின் சக்தி வீணாகி, வாய்ஸ் காயில் சூடாகிறது அல்லது பின்தகட்டில் மோதி நசுங்குகிறது. முழுதும் மூடிய பெட்டியில் உள்ளே இருக்கும் காற்றே ஸ்பிரிங் போலப் பிடித்துக்கொள்வதால் அபாயம் குறைவு.

இவ்வளவு தாழ்ந்த ஒலி படங்களில் இருக்கிறதா? இருக்கிறது. 1992 முதல் தியேட்டருக்கு வந்த டால்பி டிஜிட்டல் முறையில் பேஸுக்கென உள்ள தனிச் சேனல் 3 ஹெர்ட்ஸ் முதல் 120 ஹெர்ட்ஸ் வரை சுமக்கக்கூடியது. மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதே கஷ்டம். பழைய எல்பி இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டு நெளிந்திருந்தால், நொடிக்கு அரைத் தடவைக்குச் சற்று அதிகமாக ஸ்பீக்கர் மூச்சு வாங்கும்.

ஹைபாஸ் தேவைப்படும் இடங்கள் இரண்டு. முதலாவது, சப்வூஃபரோடு கூட வரும் சிறிய ஸ்பீக்கர்கள். நாலு அங்குல கோனிடம் 50 ஹெர்ட்ஸைக் கொடுத்தால் பேஸும் வராது, வசனமும் கலங்கும். டிஎச்எக்ஸ் தரம் வீட்டுத் தியேட்டருக்கு வகுத்த எல்லை 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே சப்வூஃபரின் பொறுப்பு. ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்குச் செலவே இல்லை. மெனுவில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து 80 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்பீக்கர் பெரியதாக இருக்கிறதே என்ற பெருமையில் ‘லார்ஜ்’ என்று வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

அசெம்பிள் செய்த செட் என்றால் 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடராக சுமார் 250 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வேண்டும். 4 ஓம் என்றால் 500. துருவமற்ற வகையாக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால், ரேடியோ ரிப்பேர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டை எடுத்து, மைனஸ் முனைகளை ஒன்றோடொன்று இணைத்தால் 235 கிடைக்கும். 8 ஓமுக்கு அது 85 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரின் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் தடுப்பு கணக்கைவிடச் சற்றுத் தளர்வாகவே இருக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இத்தனை பெரிய கெபாசிட்டர் செய்யும் வேலையை, முன்னால் வைத்தால் மிளகளவு கெபாசிட்டர் செய்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு 20 கிலோ ஓம் என்றால் 0.1 மைக்ரோஃபாரட் போதும்.

இரண்டாவது இடம் சப்வூஃபரேதான். ஒற்றை கெபாசிட்டரின் தடுப்பு மென்மையானது: ஆக்டேவுக்கு 6 டெசிபல். துள்ளும் கோனை அடக்க அது போதாது. 1955இல் அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் சாலன், கீ என்ற இருவர் எழுதிய சர்க்யூட் இங்கே கைகொடுக்கிறது. தேவையானவை 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெபாசிட்டர் இரண்டு, 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று, டிஎல் 072 அல்லது 4558 ஐ.சி. ஒன்று.

சிக்னல் இரண்டு கெபாசிட்டர்களின் வழியே தொடராகச் சென்று ஐ.சி.யின் பிளஸ் உள்ளீட்டை அடைய வேண்டும். அந்த உள்ளீட்டிலிருந்து தரைக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் தொடராக. கெபாசிட்டர்கள் சந்திக்கும் இடத்திலிருந்து ஐ.சி.யின் வெளியீட்டுக்கு மூன்றாவது ரெசிஸ்டர். வெளியீட்டை மைனஸ் உள்ளீட்டோடு நேராக இணைத்துவிட வேண்டும். இது 24 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் குறைக்கும். ரெசிஸ்டர்களை 33 கிலோ ஓமாக மாற்றினால் எல்லை 34 ஹெர்ட்ஸ். ஐ.சி.க்குள் இன்னொரு பாதி சும்மா இருக்கிறது. அதிலும் இதையே கட்டித் தொடராக்கினால் தடுப்பு 24 டெசிபல். லோபாஸ் போர்டுக்குப் பின்னும் வால்யூம் குமிழுக்கு முன்னும் வைப்பது நல்லது. எல்லை, பெட்டியின் ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். கடல்காற்று படும் ஊரில் போர்டை மூடிய டப்பாவுக்குள் வைப்பது உத்தமம். கரண்ட் பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளை கெபாசிட்டர்கள் வடிந்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

ரெடிமேட் பெட்டி வாங்குகிறவர்கள் வாட்ஸ் கணக்கை மட்டும் விசாரிக்காமல் இரண்டு கேள்வி கேட்கலாம். சப்சானிக் ஃபில்டர் உண்டா, எத்தனை ஹெர்ட்ஸில்? பின்புறம் சிறிய ஸ்பீக்கர்களுக்குப் போகும் முனைகளில் ஹைபாஸ் இருக்கிறதா, அல்லது வந்த சிக்னல் அப்படியே போகிறதா? இரண்டாவதற்குப் பல பெட்டிகளில் கிடைக்கும் பதில், அப்படியே போகிறது என்பதுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு சோதனை. முன்துணியைக் கழற்றிவிட்டு, வெடிச்சத்தம் நிறைந்த ஒரு காட்சியை மிதமான ஒலியில் ஓடவிட்டு கோனைக் கவனிக்க வேண்டும். காதில் ஒன்றும் விழாத நேரத்தில் கோன் மட்டும் முன்னும் பின்னும் தள்ளாடினால், அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று ரெசிஸ்டரும் இரண்டு கெபாசிட்டரும் ஒரு ஐ.சி.யும் தேடிப் புறப்படலாம்.